தெருக்குறைகளைக் கைபேசி வழியே புகார் செய்வது: செட்டிநாட்டு ஊர்களுக்கான கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் குடியிருப்பவர்கள், திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து ஊர்க்காரர்கள், சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தபடி ஊர் வீட்டைக் கவனிப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எரியாத விளக்கு, அடைத்த வடிகால், உடைந்த குழாய், குப்பைமேடு, தூர்ந்த ஊருணி போன்ற குறைகளைப் பற்றியது இது. தீ, விபத்து, சுவர் இடிந்து ஆள் சிக்குவது போன்றவற்றுக்குச் செயலியைத் திறந்துகொண்டிருக்கக் கூடாது. உடனே 112-ஐ அழையுங்கள், அடிபட்டவர் இருந்தால் 108.

எங்கே புகார் செய்வது? எல்லாவற்றுக்கும் ஒரே இடம் கிடையாதா?

இருக்கிறது. 'முதல்வரின் முகவரி' துறையின் 1100 என்ற எண்ணும் அதன் இணையதளமும் எந்தத் துறைக்கான மனுவையும் வாங்கிக்கொள்ளும். முதல்வரின் தனிப்பிரிவு, உதவி மையம் முதலியவற்றை ஒன்றாக்கி 2021-இல் அமைக்கப்பட்ட துறை அது. எங்கே போவது என்று தெரியாதவர் அங்கே தொடங்கலாம். ஆனால் அங்கே கொடுத்த மனு மாவட்டம், வட்டம், அலுவலகம் என்று இறங்கிவந்து, கடைசியில் உங்கள் தெருவில் விளக்கு மாற்றும் பணியாளரிடம்தான் சேர வேண்டும். வழியில் தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 'எங்கள் எல்லைக்குள் வராது' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். யாருடைய வேலை என்று தெரிந்திருந்தால் நேராக அங்கேயே பதிவு செய்வது நல்லது.

மின்தடை, சாய்ந்த மின்கம்பம், தாழ்ந்து தொங்கும் கம்பி, மின்மாற்றி ஆகியவற்றுக்கு மின்னகம்: 94987 94987. 2021 ஜூன் முதல் இரவும் பகலும் இயங்குகிறது. கிராம ஊராட்சிக் குறைகளுக்கு 'ஊராட்சி மணி', எண் 155340. நகரப் பகுதிகளில் குப்பை, கழிப்பறை, செத்த விலங்கு போன்றவற்றுக்கு மத்திய அரசு 2016-இல் கொண்டுவந்த ஸ்வச்சதா செயலி உண்டு. கிராம ஊராட்சிகள் அதில் இடம்பெறா. ரயில்வே, அஞ்சல் போன்ற மத்திய அரசுத் துறைகள் மீதான குறைகளுக்குச் 'சிபிகிராம்ஸ்' என்ற தளம். மனுவை முடிக்க அவர்களே வைத்துக்கொண்ட கெடு 2024-இல் 30 நாளிலிருந்து 21 நாளாகக் குறைக்கப்பட்டது.

சென்னையில் இருந்து பழகியவர்கள் இங்கே வந்தும் 1913-ஐ அழைக்கிறார்கள். அது சென்னை மாநகராட்சிக்கு உரியது. நம் ஊர்களுக்குப் பயன்படாது.

எங்கள் ஊர் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்றே குழப்பமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் குழப்பத்தில்தான் நம் பக்கத்துப் புகார்களில் பெரும்பங்கு வீணாகிறது என்பது என் கணிப்பு. செட்டிநாடு என்று நாம் பெருமையோடு சொல்லும் நிலம் அரசுப் பதிவேட்டில் ஒரே அலகாக இல்லை. அது சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை சிவகங்கை மாவட்டத்துப் பேரூராட்சிகள். ஆத்தங்குடி கிராம ஊராட்சி. தேவகோட்டை நகராட்சி. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தபோது அக்கம்பக்கத்து ஊர்கள் சிலவும் அதோடு சேர்ந்தன. கோனாபட்டு, இராயவரம், கடியாபட்டி என்று வடக்கே போனால் மாவட்டமே மாறி, ஆட்சியர் அலுவலகம் புதுக்கோட்டையாகிவிடுகிறது. பெண் கொடுத்து பெண் எடுத்த இரண்டு ஊர்கள், சில கிலோமீட்டர் இடைவெளி; ஆனால் ஒன்றின் புகார் மற்றதன் பட்டியலில் இருக்கவே இருக்காது.

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். அஞ்சல் எல்லை வேறு, உள்ளாட்சி எல்லை வேறு. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் வரி வாங்குகிறார்களோ அவர்களே உங்கள் தெருவுக்குப் பொறுப்பு. காரைக்குடியோடு சேர்ந்த பகுதியில் இருப்பவர்கள் பழைய ரசீதை வைத்து முடிவு செய்யாமல் கடைசியாகக் கட்டிய ரசீதைப் பார்க்க வேண்டும்.

சாலையில் பள்ளம். எந்தத் துறை என்று எப்படித் தெரியும்?

சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலைநிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை: 1033. திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் போகும் சாலை அந்த வகை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதற்கும், மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் மாவட்டச் சாலைகளுக்கும் அந்தத் துறை 2023-இல் வெளியிட்ட 'நம்ம சாலை' செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். ஊருக்குள் இருக்கும் வீதிகளும் சந்துகளும் உள்ளாட்சியுடையவை; கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துடையவை. அவற்றை 'நம்ம சாலை'யில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். 'சாலை பழுது' என்று மட்டும் எழுதினால் தோண்டியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

தெருவிளக்கு எரியவில்லை. மின்னகத்தில் சொல்லலாமா?

விளக்கு உள்ளாட்சியுடையது, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் உள்ளாட்சி. தெருவே இருண்டு கிடந்து வீடுகளிலும் மின்சாரம் இல்லை என்றால் மின்னகம். எங்கே சொன்னாலும் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இடத்தை எப்படிக் குறிப்பிடுவது? எங்கள் ஊரில் வீட்டு விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) சொன்னால் எல்லாருக்கும் தெரியுமே?

ஊர்க்காரருக்குத் தெரியும். சென்ற மாதம் மாறுதலாகி வந்த அலுவலருக்குத் தெரியாது. 'மூனா ரூனா வீட்டுக்குப் பின்னால்' என்று நம் ஆச்சிமார் சொல்வது எங்களுக்கு வரைபடத்தை விடத் துல்லியம்; அதையே இணையப் படிவத்தில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டின் முகப்பு ஒரு வீதியில், பின்வாசல் அடுத்த வீதியில். கதவு எண் முன்வீதியின் பெயரில் இருக்கும், அடைத்த வடிகாலோ பின்வீதியில் இருக்கும். கள ஆய்வுக்கு வந்தவர் முகப்பைப் பார்த்துவிட்டு 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போவதற்கு இது போதும்.

ஆகவே, குறை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு கைபேசி வரைபடத்தில் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தோன்றும். அவற்றை நகலெடுத்து மனுவில் ஒட்டுங்கள். கூடவே, எந்த வீதியின் எந்தப் புறம், எந்த மூலையிலிருந்து எத்தனையாவது கம்பம், எதிரே என்ன இருக்கிறது என்று ஒரு வரி. படம் இரண்டு போதும்: குறையைக் கிட்டத்தில் காட்டுவது ஒன்று, பள்ளிக்கூடமோ கோயிலோ ரேஷன் கடையோ தெரியும்படி தள்ளி நின்று எடுத்தது ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த ஊர்ச் சாக்கடையாகவும் இருக்கலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

சுருக்கமாக, ஆனால் முழுதாக. ஒரு மாதிரி தருகிறேன்:

'வடக்கு வீதியும் கோயில் சந்தும் சேரும் முனையில், மேல்புற வடிகால் செங்கல் இடிபாட்டால் அடைத்திருக்கிறது. மழைநீர் வடியாமல் வீதியில் நிற்கிறது. பள்ளிக் குழந்தைகள் இதன் வழியேதான் நடக்கிறார்கள். எதிரே ரேஷன் கடை. இடிபாட்டை அகற்றி, இந்த முனையிலிருந்து ஊருணி வரை வடிகாலைத் தூர்வாரித் தர வேண்டும்.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். என்ன வேலை செய்து முடித்தால் குறை தீர்ந்ததாகும் என்பதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அது இல்லாத மனுவை, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுக்கூட முடித்துவைக்கலாம். ஒரு மனுவில் ஒரே குறை. விளக்கு, குப்பை, குழாய் மூன்றையும் ஒன்றாக எழுதினால் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மூன்றும் தீர்ந்ததாகக் கணக்கு வைப்பார்கள்.

யாரையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் குப்பை கொட்டுகிறார் என்று ஊகித்து எழுதுவதும் வேண்டாம். கண்ணால் கண்டது மட்டும்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். கவுன்சிலரும் அதில் இருக்கிறார். அது போதாதா?

போதாது. அதற்கு எண் கிடையாது, தேதி கிடையாது, பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. மறுநாள் நூறு காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். குழு வேறொன்றுக்கு மிகவும் பயன்படும்: முறையாகப் பதிவு செய்த புகாரின் எண்ணை அங்கே போடுங்கள். அதே வீதியில் இருப்பவர்கள் தாங்களும் பதிவு செய்யலாம், நிலை என்ன என்று பின்தொடரலாம்.

ஊருணி தூர்ந்து கிடக்கிறது. வரத்துக்காலை (அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை) மறித்துவிட்டார்கள். இதை எப்படிப் புகார் செய்வது?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். நம் ஊர்களை அமைத்தவர்கள் தண்ணீரை நினைத்தே அமைத்தார்கள். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள் இறங்கி, வீட்டு வடிகால் வழியாக வீதிக்கு வந்து, வீதி வாட்டத்தில் ஓடி ஊருணியில் சேர வேண்டும். நேர்கோட்டு வீதிகள் அழகுக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல. ஆகவே ஒரு முனையில் கொட்டிய இடிபாடு நாலு வீதி தள்ளி இருக்கும் ஊருணியைப் பட்டினி போடும்; அதே நேரம் நடுவில் இருக்கும் வீட்டு வாசல்களில் தண்ணீர் நிற்கும். 'ஊருணியில் தண்ணீர் இல்லை' என்பதும் 'வீதியில் தண்ணீர் நிற்கிறது' என்பதும் பலமுறை ஒரே குறைதான். இரண்டையும் இணைத்து, அடைப்பு இருக்கும் இடத்தைப் புள்ளியிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, நீர்நிலை யாருடையது என்பது. கண்மாய் என்றால், பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம். ஊருணிகள் பலவகை. ஊராட்சிக்கு உரியவை உண்டு, கோயிலுக்கு உரியவை உண்டு, ஊர்ப் பொதுவில் நகரத்தார் வெட்டி வைத்துத் தாங்களே பார்த்துக்கொள்பவையும் உண்டு. புல எண் (சர்வே எண்) தெரிந்தால் தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவேட்டில் அ-பதிவேட்டைப் பார்த்து எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று அறியலாம். புல எண்ணையும் மனுவில் எழுதினால் 'எங்களுடையது அல்ல' என்று திருப்பி அனுப்புவது கடினம். வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு என்றால் மனுவை வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். அளந்து எல்லை காட்ட வேண்டியது வருவாய்த் துறை.

காலமும் முக்கியம். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். வரத்துக்கால் அடைப்பை ஆடியிலேயே பதிவு செய்துவிட வேண்டும். நவம்பரில் வீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கொடுக்கும் மனுவுக்கு மோட்டார் வைத்து இறைப்பார்கள், அவ்வளவுதான். அடைப்பு அடுத்த ஆண்டுக்கும் அங்கேயே இருக்கும்.

பக்கத்துப் பெரிய வீடு ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. வளவில் தண்ணீர் தேங்கி ஒரே கொசு. புகார் செய்தால் பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வருமே?

முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஊரில் சாவி வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். வடிகால் துளையில் அடைத்த சருகை எடுத்தாலே பாதி தீர்ந்துவிடும். பங்குதாரர்கள் பலராகப் பிரிந்து, யாரிடம் சொல்வதென்றே தெரியாத வீடுகளும் இருக்கின்றன. அப்போது உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவில் 'கொசு உற்பத்தி' என்ற வகையில் பதிவு செய்யுங்கள். கொசு வளரும்படி தண்ணீர் தேங்கவிடும் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. வீதிப்பக்கச் சுவர் சாய்ந்திருந்தால் மனக்கசப்பு பார்க்காதீர்கள். அந்தச் சுவரோரம் தினமும் குழந்தைகள் நடக்கிறார்கள்.

பழைய வீட்டை இடித்துத் தூணும் நிலைக்கதவும் விற்கிறார்கள். இதைப் புகார் செய்ய முடியுமா?

இடிப்பதையே தடுக்கும் புகார் வகை எந்தச் செயலியிலும் இல்லை. செட்டிநாட்டின் 11 ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அந்தப் பட்டியல் தனியார் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு எதையும் தருவதில்லை. பர்மாத் தேக்கு லாரியில் ஏறுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இருந்தாலும் புகார்த் தளத்தில் செய்யக்கூடியது ஒன்றே: இடிபாட்டை வீதியிலும் வடிகாலிலும் கொட்டினால் அதைப் பதிவு செய்வது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அங்கிருந்தே புகார் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பல தளங்கள் இந்தியக் கைபேசி எண்ணுக்குத்தான் கடவு எண் (ஓடிபி) அனுப்புகின்றன. அந்த எண்ணைக் கைவிட்டவர்கள் ஊரில் இருக்கும் உறவினரின் எண்ணில் பதியலாம். எப்படியும் ஊரில் ஒருவர் வேண்டும். கள ஆய்வுக்கு வருபவர் அழைக்கும்போது வாசலில் வந்து இடத்தைக் காட்ட ஆள் இல்லையென்றால் 'மனுதாரர் இல்லை' என்று மூடிவிடுவார்கள்.

அப்பத்தாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அவர்கள் எப்படிச் சொல்வது?

1100, மின்னகம், ஊராட்சி மணி மூன்றும் பேசிச் சொல்லக்கூடியவை. பட்டன் போன் போதும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்காகப் பதிந்து கொடுப்பவர் மனு எண்ணை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய புகார்.

'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. ஆனால் எதுவும் நடக்கவில்லை. இனி என்ன செய்வது?

இந்தக் குறுஞ்செய்தியோடு மனம் உடைந்து விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். நம் குறைதீர் தளங்களின் பெரிய பலவீனமும் இதுவே: வேலையைச் செய்ய வேண்டியவரே வேலை முடிந்தது என்றும் சொல்கிறார். பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு 2007-இல் தொடங்கிய 'ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்' தளம் வேறு விதம். புகார் வரைபடத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இடத்தையும் வகையையும் வைத்து உரிய உள்ளாட்சிக்குத் தளமே அனுப்பிவைக்கும். நாலு வாரம் கழித்துப் புகார் செய்தவரிடமே 'சரியாகிவிட்டதா?' என்று கேட்கும். இங்கே மனு எண் வைத்திருப்பவர் மட்டுமே நிலையைப் பார்க்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் அதே குறைக்கு ஏற்கெனவே மனு கொடுத்தது உங்களுக்குத் தெரியாது.

அதனால் நாம்தான் விடாமல் தொடர வேண்டும். அன்றைய தேதி தெரியும்படி மறுபடி படம் எடுங்கள். பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு, 'முடிந்ததாகச் சொன்ன பணி நடைபெறவில்லை' என்று புதிய மனு போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இரண்டு எண்களோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். அடுத்து, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'ஏன் செய்யவில்லை?' என்று அதில் கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, ஆவணம் கேட்டால் வரும். இந்த எண்ணுள்ள மனு மீதான கள ஆய்வு அறிக்கையின் நகல், மனுவை முடித்துவைத்த ஆணையின் நகல், முடித்துவைத்த அலுவலரின் பதவி, அந்த வடிகாலுக்குச் செலவிட்ட தொகையின் விவரம் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

என் பெயர் வெளியே தெரிந்துவிடுமா?

கள ஆய்வுக்கு வருபவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கும் குப்பைக்கும் அதனால் கேடில்லை. மணல் அள்ளுவது, சாராயம் போன்றவற்றை இந்தத் தளங்களில் எழுதாதீர்கள். அவை காவல்துறைக்கு உரியவை. படங்களில் மனித முகமும் குழந்தைகளும் விழாமல் பாருங்கள்.

நம் ஊருக்கென்று நாமே ஒரு செயலி செய்தால் என்ன?

ஊர் இளைஞர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டின் மென்பொருள் திறந்த மூலம். எடுத்து நடத்த எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் செயலியில் விழும் புகாரை வாங்கிக்கொள்ள மறுமுனையில் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால், மக்கள் அங்கே எழுதிவிட்டு அரசுக்குச் சொல்லிவிட்டதாக நம்பிக் காத்திருப்பார்கள். தீமைதான் மிஞ்சும்.

அதைவிட ஒரு பொது அட்டவணை நடத்துங்கள். இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒரே தாள்: தேதி, வீதி, வரைபடப் புள்ளி, எந்தத் துறை, மனு எண், முதல் படம், இன்றைய நிலை. கடைசிக் கட்டத்தை அந்த வீதியில் குடியிருப்பவர் மட்டுமே 'முடிந்தது' என்று மாற்றலாம் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். புகார் செய்தவரின் பெயரும் எண்ணும் அதில் வேண்டாம்.

கிராம சபை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

இரண்டும் வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விளக்கு எரியவில்லை என்பதற்காக இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. ஆனால் ஊருணியைத் தூர்வாருவது, வடிகாலை முழுதாகப் புதுப்பிப்பது போன்றவற்றுக்குத் தீர்மானமும் நிதியும் வேண்டும்; அவை செயலியில் கிடைக்கா. சிவகங்கை, புதுக்கோட்டை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லத் தலைவர் இல்லாத அப்படிப்பட்ட காலத்தில், எண்ணோடும் தேதியோடும் இருக்கும் மனுதான் ஊர் கையில் இருக்கும் ஆதாரம்.

கூட்டத்துக்குப் போகும்போது அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போங்கள். தீராத குறைகளை மனு எண்ணோடு வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைக் கூட்டம் கலைவதற்குமுன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.